சீலோவில் எழும்பிய சீட்டு

எருசலேமிலிருந்து வடக்கே 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போனால் குன்றுகளுக்கு நடுவே ஒரு மேடு வரும். அரபியில் அதற்குக் கிர்பெத் சேலூன் என்று பெயர். பைபிளில் அதுதான் சீலோ. யோசுவாவின் புத்தகம் 18ஆம் அதிகாரம் சொல்வதன்படி, இஸ்ரயேலரின் ஏழு குலத்தார் அந்த மேட்டில் நிலமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். யூதாவுக்கும் எப்பிராயீமுக்கும் மனாசேக்கும் பங்கு கிடைத்தாகிவிட்டது. மீதி ஏழு பேருக்கும் பங்கு எங்கே என்று தெரியாது. தேடிப் போகிற வேகமும் அவர்களிடம் இல்லை. தலைவன் யோசுவா அவர்களைக் கடிந்துகொள்கிறான். பிறகு ஒரு காரியம் செய்கிறான். நிலப் பங்கீட்டின் வரலாற்றில் என் மனசை மிகவும் தொட்ட இடம் அதுதான்.

அவன் உடனே சீட்டுப் போடவில்லை. குலத்துக்கு மூன்று பேரைக் கொடுங்கள் என்று கேட்கிறான். ஏழு குலத்துக்கு 21 பேர். நாடு முழுக்க நடந்து பாருங்கள், ஊர் ஊராக எழுதுங்கள், எழுதியதை ஏழு பங்காக வகுத்து என்னிடம் கொண்டுவாருங்கள் என்று அனுப்புகிறான். அவர்கள் போகிறார்கள், நடக்கிறார்கள், ஒரு சுருளில் எழுதிக்கொண்டு சீலோவுக்குத் திரும்பி வருகிறார்கள். ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில், ஆசாரியன் எலெயாசாரும் குலத்தலைவர்களும் பார்த்திருக்க, அதற்கப்புறம்தான் சீட்டு விழுகிறது. முதல் சீட்டு பென்யமீனுக்கு, இரண்டாவது சிமியோனுக்கு. பிறகு செபுலோன், இசக்கார், ஆசேர், நப்தலி. கடைசிச் சீட்டு தாணுக்கு.

இந்த வரிசையை நாம் பெரும்பாலும் தலைகீழாகவே நினைவில் வைத்திருக்கிறோம். யோசுவா சீட்டுப் போட்டு நாட்டைப் பிரித்தான் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். 21 பேரின் நடையும், சுருளில் ஏறிய ஊர்ப்பெயர்களும் அந்த ஒரு வரியில் காணாமல் போய்விடுகின்றன. பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்குத் தெரியும்: சீட்டு எடுக்க ஒரு நிமிஷம் போதும். பங்கை நேர் செய்யத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

சீட்டு என்று தமிழில் சொன்னாலும் அங்கே தாளும் இல்லை, ஓலையும் இல்லை. எபிரேயச் சொல் 'கோரால்'. கல், சரளை என்ற பொருளுள்ள அரபுச் சொல்லோடு இதற்கு உறவுண்டு என்பது மொழியறிஞர்கள் கருத்து. அதனால் ஆதியில் கோரால் என்பது கூழாங்கல்லாகத்தான் இருந்திருக்க வேண்டும். எப்படிப் போட்டார்கள் என்று யோசுவாவின் புத்தகம் சொல்லவில்லை. ஆனால் வினைச்சொற்களைக் கவனித்தால் கொஞ்சம் பிடிபடும். ஓரிடத்தில் சீட்டு 'விழுகிறது'. வேறோர் இடத்தில் 'வெளியே வருகிறது'. பென்யமீனின் சீட்டோ 'மேலே எழும்புகிறது'. நீதிமொழிகள் புத்தகம் மடியில் போடும் சீட்டைப் பற்றிப் பேசுகிறது. அங்கியின் மடிப்பிலோ ஒரு பாண்டத்திலோ கற்களைப் போட்டுக் குலுக்கி, எது வெளியே வருகிறதோ அதை எடுத்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

இன்னொரு சொல்லும் இருக்கிறது: 'ஹெவெல்', கயிறு. நிலத்தைக் கயிறு பிடித்து அளந்ததால் கயிறு என்ற சொல்லே அளந்த நிலத்துக்கும் ஆகி, கடைசியில் ஒரு வட்டாரத்துக்கே பெயராகிவிட்டது. கோராலும் அப்படியே வளர்ந்தது. முதலில் கல். பிறகு அந்தக் கல்லால் கிடைத்த நிலம். நியாயாதிபதிகள் புத்தகத்தில் யூதா தன் அண்ணன் சிமியோனைப் பார்த்து என் பங்குக்கு வா என்று கூப்பிடும்போது வருவது இதே கோரால்தான். இன்றைய எபிரேயத்தில் அதற்கு விதி என்று பொருள். கிரேக்கர்களின் 'கிளேரோஸ்' என்ற சொல்லும் சீட்டு, நிலப்பங்கு என்ற இரண்டு பொருளையும் சுமந்தது. தமிழில் திருவுளச்சீட்டு என்கிறோம். திருவுளம் என்ற அந்த முன்னொட்டு சீலோவின் கூடாரத்து வாசலுக்கும் அப்படியே பொருந்தும். பழைய தமிழ் வேதாகமம் இந்த நிலப்பங்கைச் 'சுதந்தரம்' என்று சொல்கிறது. கையில் இருக்கும் நிலத்தையும் யாருக்கும் அடங்காமல் வாழ்வதையும் தமிழில் ஒரே சொல் தாங்கி நிற்பது தற்செயலாகவே இருக்கலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இந்த வழக்கத்தை இஸ்ரயேலர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே மெசபடோமியாவில் அப்பன் செத்த பிறகு அண்ணன் தம்பிகள் சொத்தைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். அக்காதிய மொழியில் 'இஸ்க்கு' என்றால் சீட்டு. பங்குக்கும் அதே சொல்தான். பாபிலோனியக் களிமண் பலகைகளில் இப்படிப் பிரித்த வீடுகளும் தோட்டங்களும் பதிவாகியிருக்கின்றன. அசூர் நகரில் கிடைத்த சட்டப் பலகை ஒன்று இன்னும் நுட்பமாகப் போகிறது. அப்பன் நிலத்தில் மூத்தவனுக்கு இரண்டு பங்கு. பயிர் நிலத்தைப் பங்கு பிரிக்கிற வேலையோ கடைசித் தம்பிக்கு. அவன் பிரித்து வைத்ததில் மூத்தவன் ஒரு பங்கைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தன் இரண்டாவது பங்குக்கு மட்டும் அவனும் தம்பிகளோடு சேர்ந்து சீட்டுப் போட வேண்டும்.

மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய சட்டம் இது. இதை எழுதியவன் எத்தனை பங்காளிச் சண்டையைப் பார்த்திருப்பான் என்று எண்ணிப் பார்க்கிறேன். பிரிக்கிறவன் கைக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுக்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எந்தப் பங்கு தனக்கு வரும் என்று தெரியாதவன்தான் எல்லாப் பங்கையும் நேராக வகுப்பான். சீட்டின் சூட்சுமமே அதுதான். முடிவைக் கல்லிடம் விட்டுவிடுவதால், கல் விழுவதற்கு முந்தைய வேலையெல்லாம் யோக்கியமாக நடந்தாக வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்துச் சீட்டு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க ஒன்றே ஒன்றாவது கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத் தொகுப்பில் களிமண்ணால் செய்த சிறு கனசதுரம் ஒன்று இருக்கிறது. பக்கம் ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். கி.மு. 9ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனேசரிடம் பெரிய பதவியில் இருந்த யகாலி என்பவரின் சீட்டு அது. அசீரியாவில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் அதிகாரியின் பெயரை வைப்பார்கள். அந்த ஆளைச் சீட்டால் முடிவுசெய்தார்கள். கனசதுரத்தின் பக்கங்களில் யகாலியின் பெயரும் பதவியும் பொறித்திருக்கின்றன. நாட்டின் விளைச்சல் செழிக்க வேண்டும், என் சீட்டு விழ வேண்டும் என்று ஒரு வேண்டுதலும் இருக்கிறது. சீட்டுக்கு அதில் உள்ள சொல் 'பூரு'. யூதர்களின் பூரிம் பண்டிகைக்குப் பெயர் தந்தது அந்தச் சொல்தான்.

சீலோவுக்குத் திரும்புவோம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்குப் பிறந்த வழக்கம் ஒரு நாட்டைப் பிரிக்கும் அளவுக்கு எப்படி வளர்ந்தது? இஸ்ரயேலர் தங்களைப் பார்த்த விதத்தில்தான் விடை இருக்கிறது. அவர்கள் பன்னிரண்டு குலமாகப் பிரிந்து கிடந்தாலும் யாக்கோபு என்ற ஒரே அப்பனின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டார்கள். நிலம் கடவுளுடையது, இவர்கள் வாரிசுகள். அப்படியானால் நாட்டைப் பிரிப்பது ஒரு பாகப்பிரிவினைதான். யோசுவாவின் புத்தகத்தில் 13 முதல் 21 வரையுள்ள அதிகாரங்களைப் படிக்க முடியவில்லை, ஊர்ப்பெயர்ப் பட்டியலாக இருக்கிறது என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதைப் பத்திரம் படிக்கிறவரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். பென்யமீனின் எல்லை யோர்தானில் தொடங்குகிறது. எரிகோவின் வடபுறமாக மலையேறுகிறது, பெத்தேலைத் தொட்டு மேற்கே இறங்குகிறது. கீரியாத்யெயாரீமில் திரும்பி, நெப்தோவா நீரூற்றுக்கு வந்து, இன்னோம் பள்ளத்தாக்கில் இறங்கி, இன்ரோகேல் ஊற்றைத் தாண்டி, போகன் கல் வரை போகிறது. ஊற்று, பள்ளம், கல் என்று நான்கெல்லை சொல்கிற அச்சு அசலான பாகப்பத்திரம் அது.

ஆனால் குலத்துக்குக் குலம் ஆள் தொகை வேறு. எண்ணாகமம் 26ஆம் அதிகாரம் 20 வயதுக்கு மேற்பட்ட ஆண்களைக் குலவாரியாக எண்ணுகிறது. மொத்தம் 6,01,730 பேர். யூதா 76,500, சிமியோன் 22,200. கணக்கு முடிந்த கையோடு, நிறையப் பேர் உள்ளவர்களுக்கு நிறைய நிலம், கொஞ்சம் பேருக்குக் கொஞ்சம் என்று கட்டளை வருகிறது. அடுத்த வசனமே சீட்டுப் போட்டுப் பிரிக்கச் சொல்கிறது. ஆள் கணக்கில் பிரித்தால் சீட்டு எதற்கு? சீட்டுப் போட்டால் ஆள் கணக்கு எப்படி நிற்கும்?

இந்த முடிச்சை யூத அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அவிழ்த்துக்கொண்டே இருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி, பங்குகள் ஆள் தொகைக்குத் தக்கபடி சிறிதும் பெரிதுமாகவே இருந்தன, அவரவருக்கு உரியதுதான் சீட்டிலும் வந்தது, அது தெய்வச் செயல் என்றார். 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் ராம்பான் அதை ஏற்கவில்லை. குலங்களுக்கெல்லாம் சமபங்குதான், குலத்துக்குள் குடும்பங்களுக்குப் பிரிக்கும்போதுதான் ஆள் கணக்கு என்பது அவர் கட்சி. எந்த இடம் என்பதைச் சீட்டும், எவ்வளவு என்பதை ஆள் கணக்கும் முடிவுசெய்தன என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு இந்தக் கடைசி வழிதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. அளவைத் தகராறில்லாமல் கணக்குப் போட்டுவிடலாம். ஊற்று இருக்கிற இடமா, கல்லு மேடா என்பதில்தான் சண்டை வரும்.

யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூது அந்தச் சண்டையையும் நினைத்துப் பார்த்திருக்கிறது. பாபா பத்ரா என்ற பகுதியில், நிலத்தைப் பரப்பால் மட்டும் பிரிக்கவில்லை, மதிப்பால் பிரித்தார்கள் என்று ஒரு விவாதம் வருகிறது. யூதேயாவில் ஒரு சேயா அளவு தானியம் விதைக்கிற நிலம் கலிலேயாவில் ஐந்து சேயா விதைக்கிற நிலத்துக்குச் சமம் என்று அங்கே ஒரு கணக்கு. நல்ல இடம் பெற்றவர்கள் ஒதுக்குப்புறம் பெற்றவர்களுக்கு ஈடு கொடுத்தார்கள். அது பணமாகவா நிலமாகவா என்பதில் இரண்டு ரபிகளுக்குள் கருத்து வேறுபாடு. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் இதே எண்ணத்தை வேறு விதமாகச் சொல்கிறார்: நாட்டை அளக்கப் போனவர்களோடு வடிவகணிதம் தெரிந்த ஆட்களையும் யோசுவா அனுப்பினானாம். அளந்தால் போதாது, மதிப்பிடவும் வேண்டும். எரிகோவைச் சுற்றியுள்ள சின்னத் துண்டு வேறிடத்தில் பரந்த நிலத்துக்கு ஈடாகும் என்கிறார் அவர். போனவர்கள் திரும்பியது ஏழாவது மாதத்தில்.

சீட்டு எடுத்த விதத்தையும் தல்மூது வர்ணிக்கிறது. இரண்டு குடங்கள். ஒன்றில் குலங்களின் பெயர்கள், மற்றதில் நிலப்பகுதிகளின் எல்லைகள். எலெயாசார், கடவுளின் முடிவை அறிய ஆசாரியன் அணியும் ஊரீம் தும்மீமோடு நிற்கிறார். எதிரே யோசுவாவும் மக்களும். எலெயாசார் குலத்தின் பெயரையும் அதற்கு வரப்போகும் நிலத்தையும் முன்கூட்டியே சொல்கிறார். பிறகு இந்தக் குடத்தில் ஒரு கை, அந்தக் குடத்தில் ஒரு கை, சொன்னபடியே வருகிறது. இது யோசுவாவின் புத்தகத்தில் இல்லாத வர்ணனை, பல நூற்றாண்டுக்குப் பிந்தையது. ஆனால் அந்த இரட்டைக் குட முறை நிலைத்துவிட்டது. குடத்துக்குத் தல்மூது வைத்த பெயர் 'கல்பி', கிரேக்கத்திலிருந்து வந்த சொல். இஸ்ரேலில் இன்று வாக்குப்பெட்டிக்கும் அதுதான் பெயர்.

எல்லோரும் சீட்டுக்குக் காத்திருக்கவில்லை. ரூபனும் காத்தும் நிறைய ஆடுமாடு வைத்திருந்தவர்கள்; யோர்தானுக்குக் கிழக்கே மேய்ச்சல் நிலத்தைப் பார்த்ததும் இதுவே எங்களுக்குப் போதும் என்று மோசேயிடமே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். காலேப் தன் 85ஆம் வயதில் எழுந்து நின்று எபிரோனைக் கேட்டான். அவனுக்கும் சீட்டு இல்லை. லேவியருக்கு நிலப்பங்கே கிடையாது. மற்றக் குலங்களின் பங்கிலிருந்து 48 ஊர்கள், மேய்ச்சல் வெளியோடு. எந்தெந்தக் குலத்திலிருந்து எந்தக் குடும்பத்துக்கு என்பதற்கு மட்டும் அங்கேயும் சீட்டு விழுந்தது. யோசேப்பின் வழிவந்தவர்கள், நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம், ஒரே சீட்டுத்தானா என்று யோசுவாவிடம் சண்டைக்கு வந்தார்கள். காட்டை வெட்டித் திருத்திக்கொள்ளுங்கள் என்றான். இத்தனைக்கும் அவனே யோசேப்பு வழியில் எப்பிராயீம் குலத்துக்காரன்.

அந்த யோசுவாவுக்கு எவ்வளவு? எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு, கடைசியாக, மலைநாட்டில் திம்னாத்சேரா என்ற ஒரே ஊர். அதையும் மக்கள்தான் அவனுக்குக் கொடுத்தார்கள். அங்கே வீடு கட்டிக் குடியிருந்தான் என்று முடிகிறது. பங்கு பிரித்தவன் கடைசியில் எடுத்தான்.

செலொப்பியாத்தின் மகள்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மாலாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பேர். மனாசே குலம். அப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஆண்களை எண்ணி ஆண்களுக்குப் பிரிக்கும் கணக்கில் அந்த வீட்டுக்குப் பங்கே வராது. ஐந்து பேரும் மோசேயின் முன்னால், ஆசாரியன் முன்னால், சபை முழுவதுக்கும் முன்னால் நின்று கேட்டார்கள்: ஆண்பிள்ளை இல்லாத ஒரே காரணத்துக்காக எங்கள் அப்பன் பெயர் அழிய வேண்டுமா? அவர்கள் சொல்வது சரி என்று தீர்ப்பாயிற்று. பெண்ணுக்கு வாரிசுரிமை அந்தச் சட்டத்தில் இவர்களால்தான் ஏறியது, அதுவும் ஆண்வாரிசு இல்லாத வீட்டுக்கு மட்டும். அவர்கள் தங்கள் குலத்துக்குள்ளேயே கல்யாணம் செய்ய வேண்டும் என்று பிறகு ஒரு கட்டும் வந்தது. பங்கு பிரிக்கிற நேரம் வந்ததும் மறுபடி எலெயாசார் முன்னாலும் யோசுவா முன்னாலும் போய் நின்றார்கள். வாங்கினார்கள்.

இது கதைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் 1910இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு சமாரியாவில் இஸ்ரயேல் மன்னர்களின் அரண்மனைப் பகுதியைத் தோண்டியபோது, மையால் எழுதிய உடைந்த பானை ஓடுகள் நூறு அளவில் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டுக் கணக்கு ஓடுகள். இன்ன ஆண்டு, இன்ன இடத்திலிருந்து, இன்னார் பெயருக்கு ஒரு ஜாடி பழைய திராட்சைரசம், ஒரு ஜாடி எண்ணெய் என்று வரவு. அனுப்பிய இடங்களின் பெயரில் அபியேசேர், ஏலேக், அஸ்ரியேல், சீகேம், செமீதா இருக்கின்றன. எல்லாம் யோசுவா 17ஆம் அதிகாரத்தில் பங்கு பெறும் மனாசேயின் குடும்பங்கள். கூடவே நோவாள், ஒக்லாள். இரண்டு பெண்களின் பெயரும் சமாரியா மலையில் வட்டாரப் பெயராக நின்றிருக்கிறது. அங்கிருந்து திராட்சைரசம் அரண்மனைக்குப் போயிருக்கிறது. ஓடுகள் இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தப் பெண்கள் வாழ்ந்தார்களா என்பதை ஓடு நிரூபிக்காது. பங்கீட்டுப் பட்டியல் யாரோ வெறுமனே கற்பனை செய்தது அல்ல என்பதை நிரூபிக்கிறது.

வரலாற்றாசிரியர்கள் இங்கே கவனமாக நடக்கிறார்கள். யோசுவாவின் ஊர்ப்பட்டியல்களில் பல, பிந்தைய அரசர் காலத்து நிர்வாகப் பிரிவுகளைக் காட்டுகின்றன என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் ஆல்ட் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுதினார். 1981 முதல் 1984 வரை சீலோவைத் தோண்டிய தொல்லியலாளர் இஸ்ரயேல் ஃபிங்கல்ஸ்டைன், மலைநாட்டில் கி.மு. 12, 11ஆம் நூற்றாண்டுகளில் சிறு சிறு ஊர்கள் மெல்ல மெல்ல முளைத்ததைக் கண்டார். ஒரே படையெடுப்பு, ஒரே நாளில் பங்கீடு என்ற சித்திரம் மண்ணில் தெரியவில்லை. சீலோ கி.மு. 11ஆம் நூற்றாண்டில் தீயில் அழிந்திருக்கிறது. சேமிப்பு ஜாடிகள் இருந்த இடத்திலேயே நொறுங்கிக் கிடந்தன. ஊர்கள் தாமாக வளர்ந்து, எல்லைகள் பழக்கத்தில் நின்று, பிறகு அவற்றுக்கு ஒரு பாகப்பத்திரம் எழுதப்பட்டிருக்கலாம். நான் அப்படித்தான் நினைக்கிறேன். எழுதியவர்களுக்கோ ஒன்று தெளிவாக இருந்தது: இந்த எல்லையை எந்த அரசனும் போட்டுக் கொடுக்கவில்லை. அதனால் எந்த அரசனும் எடுத்துக்கொள்ள முடியாது.

நாபோத் செத்தது இதற்காகத்தான். யெஸ்ரயேலில் அரண்மனைக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம். ஆகாப் மன்னன் அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்றான். நியாயமான பேரம்தான். என் முன்னோரின் சுதந்தரத்தைத் தரமாட்டேன் என்றான் நாபோத். பொய்ச் சாட்சி வைத்து அவனைக் கல்லெறிந்து கொன்று தோட்டத்தை எடுத்தார்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் மீகா என்ற தீர்க்கதரிசி, வயலையும் வீட்டையும் ஆசைப்பட்டுப் பறிக்கிற பெரிய மனிதர்களுக்கு ஒரு சாபம் கொடுக்கிறார். இனி நிலம் பங்கிடுகிற நாளில் அவர்களுக்காகச் சீட்டுப் போட்டுக் கயிறு பிடிக்க ஓர் ஆள்கூட இருக்க மாட்டான் என்பது அந்தச் சாபம். கல்லும் கயிறும் சேர்ந்து வருகிற இடம் அது. விற்ற நிலம் ஐம்பதாம் ஆண்டில் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்ற யூபிலி சட்டமும், சீட்டில் விழுந்த பங்கு கலையக் கூடாது என்ற அதே கவலையில் பிறந்ததுதான்.

சீட்டு தோற்ற இடங்களையும் சொல்ல வேண்டும். தாண் குலத்துக்கு ஆள் தொகை 64,400, யூதாவுக்கு அடுத்தபடி அதுதான் பெரிது. சீட்டோ கடைசியில் வந்தது. மேற்கே கடலோரச் சமவெளியை ஒட்டிய பங்கு. அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் அவர்களை மலைக்கு விரட்டிவிட்டார்கள். கடைசியில் வடகோடிக்குப் போய், அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்த லாயீஸ் என்ற ஊரைக் கொளுத்தி அதற்குத் தாண் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் பயமில்லாமல் அமைதியாக இருந்தவர்கள் என்று நியாயாதிபதிகள் புத்தகமே சொல்கிறது.

இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. சீலோவில் பங்கு பிரித்த முறை எவ்வளவு நேர்மையானது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்த நேர்மை பங்காளிகளுக்குள் மட்டும் நின்றது. 21 பேர் நடந்து எழுதிய ஊர்களில் ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்தார்கள். அவர்கள் பெயரில் எந்தக் குடத்திலும் ஒரு கல் கிடையாது.

அதே மண்ணில் சீட்டு பிறகும் ஓயவில்லை. ஒட்டோமான் ஆட்சிக் காலத்தில் பாலஸ்தீன அரபுக் கிராமங்கள் பலவற்றில் 'முஷா' என்ற முறை இருந்தது. நிலம் ஊர்ப்பொது. நல்ல மண், சுமார் மண், மேட்டு மண் என்று தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்திலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டை வரும்படி கயிறு பிடித்து அளந்து, சில ஆண்டுக்கு ஒரு தடவை சீட்டுப் போட்டு மாற்றிக்கொள்வார்கள். அரபியில் கயிற்றுக்கு 'ஹப்ல்'. எபிரேய ஹெவெலின் உடன்பிறப்பு. யாரும் நல்ல மண்ணில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட முடியாது. 1909 ஏப்ரல் 11 அன்று யாப்பாவுக்கு வடக்கே மணல்மேட்டில் 66 யூதக் குடும்பங்கள் கூடின. அவர்களில் ஒருவரான அகிவா ஆரியே வைஸ் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைக் கொண்டுவந்திருந்தார். வெள்ளைச் சிப்பிகளில் குடும்பப் பெயர், சாம்பல் நிறச் சிப்பிகளில் மனை எண். ஒரு பையன் பெயரை எடுத்தான், ஒரு சிறுமி எண்ணை எடுத்தாள். தல்மூதின் இரட்டைக் குடம் சிப்பியாகத் திரும்பி வந்தது. டெல் அவிவ் நகரம் அப்படித்தான் தொடங்கியது.

ஆனால் சீலோவுக்குச் சரியான பதில் என்று நான் நினைப்பது அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே எழுதப்பட்டுவிட்டது. எருசலேம் விழுந்து, மக்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டு, யாரிடமும் ஒரு சாண் நிலம் இல்லாத காலம். கி.மு. 573 அளவில் எசேக்கியேல் என்ற ஆசாரியர் அங்கே உட்கார்ந்து, நாட்டைத் திரும்பப் பங்கிடுவது எப்படி என்று எழுதுகிறார். எசேக்கியேல் புத்தகத்தின் கடைசி இரண்டு அதிகாரங்கள் அவை. கிழக்கிலிருந்து மேற்கே நாட்டின் குறுக்காக ஓடும் பட்டைகள், குலத்துக்கு ஒன்று. ஒருவருக்கு உள்ளபடியே மற்றவருக்கும். கூடவே ஒரு கட்டளை: உங்கள் நடுவே தங்கிப் பிள்ளை பெற்று வாழ்கிற அந்நியனையும் மண்ணின் மகனாக எண்ண வேண்டும், அவன் எந்தக் குலத்தின் நடுவே குடியிருக்கிறானோ அந்தக் குலத்தோடு சேர்த்து அவனுக்கும் சீட்டுப் போட்டுச் சுதந்தரம் கொடுக்க வேண்டும்.

அந்தப் பங்கு மட்டும் இன்றுவரை பிரிக்கப்படவில்லை.